நவமியன்று எடுத்த வில்

போபோடியில் எங்கள் சந்தில் மங்கையர்க்கரசி என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. தமிழ்க்காரர்களுக்கு அவள் மங்கை. மராட்டிக்காரர்களுக்கு மங்காதாயி. கட்கியில் பட்டாளத்து உடுப்பு தைக்கும் கடையொன்றில் வேலை. காலையில் இரண்டு டப்பா கட்டி, ஒன்றை வீட்டுக்காரர் கோகுல்நாத் கையில் கொடுத்து, ஒன்றைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தே போவாள். கோகுல்நாத் வெடிமருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர். அவருடைய அப்பா காலத்திலேயே குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பம். அவர்களுக்கு ஒரே பெண், ரீனா.

ரீனா ஒன்பதாம் வகுப்பில் தவறிவிட்டாள். எத்தனையோ பிள்ளைகள் தவறுகிறார்கள், மறுபடி படிக்கிறார்கள். இந்தப் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டாள் என்று சொல்லவும் முடியாது. அவர்களுடையது ஒற்றை அறை, சாத்துவதற்கு உள்கதவு ஏது? பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் உண்டு. அதில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சாப்பாட்டுத் தட்டை மங்கை அங்கேயே கொண்டுபோய் வைப்பாள். அவளும் பீரோவைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். மருத்துவமனையில் காட்டினார்கள். மாத்திரை கொடுத்தார்கள், பேச்சுக் கொடுங்கள் என்றார்கள். மாரியம்மன் கோயிலில் எலுமிச்சம்பழம் மந்திரித்தார்கள். நானும் என்னால் ஆன மட்டும் விளக்குப் போட்டேன்.

மங்கைக்கு மனசுக்குள் ஒரு முள் இருந்தது. அதற்கு முந்தைய ஆயுத பூஜையன்று தையல் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை போட்டாயிற்று. நம் வழக்கப்படி மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை அதைத் தொடக் கூடாது. அன்று பார்த்துக் கடை முதலாளி ஆள் அனுப்பினார். அவசர ஆர்டர், பத்துச் சட்டைக்குத் தோள்பட்டி வேண்டும் என்றார். இங்கே நவமிக்கு லீவு கிடையாது, தசராவுக்குத்தான். வேலை போய்விடுமோ என்று பயந்து, பூவை எடுத்து ஓரம் வைத்துவிட்டு மெஷினை ஓட்டிவிட்டாள். அந்த வருஷம்தான் பெண் தவறியது. இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது என்னிடம் ஒரு முறை சொன்னாள். அப்படியெல்லாம் அம்மன் கணக்கு வைத்திருக்க மாட்டாள் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

எங்கள் சந்துக்குப் பின்னால், ரயில் பாதைச் சுவருக்கும் ஜான் அண்ணன் வீட்டுக்கும் நடுவே கார்ப்பரேஷனுக்குச் சொந்தமான நீளமான இடம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் தகரக் கொட்டகை போட்டு, அதில் பிள்ளைகளுக்கு ஏர்கன் சுடக் கற்றுக்கொடுக்கிறார்கள். வெளியே திறந்த இடத்தில் வில் வித்தை. மூங்கில் வில்தான். கெட்டியாகக் கட்டின வைக்கோல் பலகையில் வண்ண வட்டம் போட்ட காகிதத்தை ஒட்டி, அதில் அடிப்பார்கள். வில்லும் அம்பும் கார்ப்பரேஷன் கொடுத்தது, கற்றுக்கொடுக்கும் தாம்பே சாருக்குச் சம்பளமும் கார்ப்பரேஷன்தான். பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை.

ரீனா உட்காரும் இடத்துக்கு மேலே ஒரு ஜன்னல். அது வழியாக அந்த மைதானம் தெரியும். சாயங்காலம் ஆனால் அம்பு வைக்கோலில் குத்தும் சத்தம் வரும். ஒரு நாள் மங்கை வேலையிலிருந்து வந்தபோது பீரோவுக்குப் பக்கத்தில் பெண் இல்லை. பதறிப்போய்ச் சந்து முழுக்கத் தேடினாள். மைதானத்து ஓரத்தில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள் ரீனா. தாம்பே சார் விரட்டவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத்தான் வில் தர முடியும், அது மேலே இருக்கிறவர்கள் போட்ட சட்டம் என்று சொல்லியிருக்கிறார். ஜூன் மாதம் ரீனா பழைய யூனிஃபாரத்தைத் தானே எடுத்து அயர்ன் பண்ணினாள். ஒன்பதாம் வகுப்பில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தாள். வருஷக் கடைசியில் பாஸ் பண்ணினாள்.

அதனால் அந்த இடம் போய்விடும் என்று பேச்சு வந்தபோது மங்கைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெட்ரோ வந்த பிறகு வண்டி நிறுத்த இடம் போதவில்லை. மைதானத்தை பார்க்கிங் ஆக்கலாம் என்று யோசனை. வார்டு ஆபீஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் தசரா கழிந்து வருவார், இடத்தைப் பார்ப்பார், பிள்ளைகள் விளையாடுவதைப் பார்ப்பார், அக்கம்பக்கத்து ஜனங்களைக் கேட்பார், ஜனங்கள் வேண்டும் என்றால் இருக்கும் என்று தாம்பே சார் வந்து சொன்னார்.

மங்கை வீடு வீடாக ஏறினாள். கடைவேலை முடித்து வந்து, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு போவாள். ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறாயா, சின்னம் என்ன என்று கேலி செய்தவர்கள் உண்டு. பிள்ளைகள் கையில் துப்பாக்கியும் அம்பும் எதற்கு, படிக்கச் சொல்லு என்று புத்தி சொன்னவர்கள் உண்டு. முன்னால் இவளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தவள். ஔந்தில் அடுக்குமாடியில் இருக்கும் ஸ்ரீவித்யா என்கிற கோயமுத்தூர்ப் பெண்ணின் மகனும் இங்கேதான் ஏர்கன் சுட வருவான். அந்த வீட்டுக்கும் பஸ் ஏறிப் போனாள். ஸ்ரீவித்யா காப்பி கொடுத்து, கம்ப்யூட்டர் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டாளாம். எங்க க்ரூப்ல போட்டு ஒரு பத்துப் பேரையாவது கூட்டிட்டு வர்றேங்க என்றாளாம்.

கஷ்டம் ஜான் அண்ணன் வீட்டில்தான். மைதானத்துச் சுவருக்கு அந்தப்புறம் அவர்கள் மொட்டை மாடி. மழைக்காலத்துக்கு முன்னால் யாரோ ஒரு பிள்ளை விட்ட அம்பு சுவரைத் தாண்டிப் போய், அங்கே காயப் போட்டிருந்த மெத்தையில் குத்தி நின்றது. அவர் மனைவி மேரி பக்கத்தில் துணி உதறிக்கொண்டிருந்தாள். கர்த்தர் காப்பாற்றினார் என்று அவளே சொன்னாள். மங்கை கூப்பிட்டதால் அந்த வீட்டுக்கு நானும் போயிருந்தேன்.

“அண்ணே, நீங்க பக்கத்து வூடு. நீங்க வேணான்னு சொல்லிட்டா மத்தவங்க சொல்றது இன்னா எடுபடும்?” என்றாள் மங்கை.

“வேணான்னு எப்போமா சொன்னேன்? புள்ளைங்க வெளையாடட்டும். ஆனா ஆபீசர் என்னைக் கேட்டா, மெத்தையில குத்துனதையும் சொல்லுவேன். ரெண்டையும்தான் சொல்லுவேன். பொய் சொல்ல வராது எனக்கு.”

“நான் இப்போ ஹெல்மெட் மாட்டிக்கினுதான் துணி காய வெக்கிறேன், மங்கை. சந்துல எல்லாரும் பார்த்து சிரிக்கிறாங்க” என்றாள் மேரி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மெத்தையில் துளை விழுந்த இடத்தைத் தைத்து வைத்திருந்ததை எங்களுக்குக் காட்டாமல் அனுப்பவில்லை.

ஜான் அண்ணன் சொன்னதில் தப்பில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

நவராத்திரி வந்தது. வில்லெல்லாம் வைக்கும் கொட்டகைப் பூட்டின் சாவி ஒன்று மங்கையிடம் இருக்கும், மைதானத்தை ஒட்டின வீடு என்பதால். போன வருஷமே அவள் தாம்பே சாரைக் கேட்டு, ஆயுத பூஜைக்கு வில்களை எடுத்துப் போய் மாரியம்மன் சன்னதியில் வைத்தாள். அவர்களுக்கும் அன்று கண்டே நவமி, ஆயுதத்துக்குப் பூஜை போடும் நாள்தான். அதனால் அவர் சந்தோஷமாகச் சம்மதித்தார். இந்த வருஷமும் அப்படியே செய்தாள். ஏர்கன்கள் பெட்டியில் பூட்டியிருந்தன, அவற்றை அவர் தருவதில்லை. வில்கள் மட்டும் நாணைக் கழற்றி அம்மன் பாதத்தில் வரிசையாகக் கிடந்தன. கைப்பிடிக்கு மேலேயும் கீழேயும் மங்கை தன் கையால் சந்தனம் குழைத்துத் தடவி, குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றியிருந்தாள். ரீனா வழக்கமாகப் பிடிக்கும் வில்லுக்குச் சந்தனம் கொஞ்சம் தாராளம். பதினோரு மணிக்குப் பூசாரி கோவிந்தராஜன் தீபாராதனை காட்டினார். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு எல்லாரும் கலைந்தோம். மங்கை கடைக்கு லீவு சொல்லியிருந்தாள், இந்த முறை மெஷினைத் தொடுவதில்லை என்று.

மூன்று மணி வாக்கில் தாம்பே சார் ஓடி வந்தார். தசரா கழிந்து வருவதாகச் சொன்ன அதிகாரி இன்றைக்கே வருகிறாராம். பக்கத்தில் வேறு வேலையாக வந்தவர் இதையும் முடித்துவிட்டுப் போகிறேன் என்று போன் செய்திருக்கிறார். நாலு மணிக்கு மைதானத்தில் பிள்ளைகள் வில் பிடித்து நிற்க வேண்டும்.

கோயிலுக்குப் போனோம். வில்கள் அம்மன் முன்னால் கிடந்தன. மங்கை சன்னதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்கவில்லை. நாளைக் காலை மறுபூஜை ஆனால்தான் எடுக்கலாம் என்று மட்டும் சொன்னாள். தாம்பே சார் தனக்குத் தெரிந்த இந்தியில் எடுத்துச் சொன்னார். நாங்களும் பூஜை செய்கிறோம், ஆயுதத்தைக் கையில் எடுக்கத்தானே பூஜை, தேவி கோபிக்க மாட்டாள் என்றார். கோகுல்நாத் வேலையிலிருந்து அப்போதுதான் வந்தார். சட்டையில் தொழிற்சாலை வாடையோடு நின்று, “வுடு மங்கை, இன்னா ஆயிடும்” என்றார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். பூசாரியைக் கேட்டார்கள். நான் எடுத்துத் தர மாட்டேன், எடுக்கிறவரைத் தடுக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

ரீனா பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தாள். தோளில் பையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அந்தப் பெண் நாலு பேர் முன்னால் பேசி நான் பார்த்ததில்லை.

“மம்மி, நான் எடுத்துக்கிறேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும். தேக்லேங்கே” என்றாள். பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

ரீனா செருப்பைக் கழற்றிவிட்டுப் படி ஏறுவதற்குள் மங்கையே எழுந்துவிட்டாள். மகளைக் கையால் பின்னால் தள்ளினாள்.

“நீ தொடாதே. நான் எடுத்துக் குடுக்கிறேன். அம்மா, தாயே, இது என் கைதான். பொண்ணு கை இல்ல. நல்லா பார்த்துக்கோ” என்று அம்மனிடம் சொன்னாள்.

சொல்லிவிட்டு ஒவ்வொரு வில்லாக எடுத்தாள். பூச்சரத்தை அவிழ்த்துப் பாதத்திலேயே வைத்தாள். சந்தனத்தைத் துடைக்கவில்லை. அது அம்மனுக்குச் சார்த்தினது, அதையும் துடைத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை. துடைக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவும் இல்லை. எல்லா வில்லையும் விறகுக் கட்டு போல் இரண்டு கையிலும் அணைத்துக்கொண்டு, ஒரு பிள்ளையிடமும் கொடுக்காமல் தானே மைதானம் வரைக்கும் சுமந்து போனாள்.

அதிகாரி வந்துவிட்டிருந்தார். நல்ல மனிதர்தான், அவசரத்தில் இருந்தார். ஸ்ரீவித்யா கொலுவுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடேயே காரில் வந்திறங்கினாள். அவள் சொன்ன பத்துப் பேரில் இரண்டு பேர்தான் கூட வந்திருந்தார்கள். சந்து ஜனங்கள் நிறைய. மேரியும் ஜான் அண்ணனும் சுவர் ஓரமாக நின்றார்கள். ஏர்கன் கொட்டகையைப் பார்த்து அதிகாரி தலையாட்டினார். பிறகு வில் வித்தை பார்க்க வந்தார். தாம்பே சார் அவசரமாக நாணேற்றி முதலில் ரீனாவிடம்தான் கொடுத்தார். இருக்கிற பிள்ளைகளில் அவளுக்குத்தான் கை நிதானம்.

ரீனா நின்ற நிலையைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. மூச்சை உள்ளே இழுத்து, நாணைக் கன்னம் வரை கொண்டுவந்தாள். விட்டாள். விடும் நேரத்தில், பூச்சரத்தின் ஈரத்தில் காயாமல் பிடிவரை வழிந்திருந்த சந்தனத்தில் இடது கை வழுக்கி வில் மேலே எகிறியது. அம்பு வைக்கோல் பலகைக்கு மேலே பறந்து, சுவரின் உச்சியில் மோதி, முறிந்து இந்தப் பக்கமே விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேரி ஒரு சத்தம் போட்டாள். அது எல்லார் காதிலும் விழுந்தது.

ரீனா கையைச் சுடிதாரில் துடைத்தாள். வில்லின் பிடியையும் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தாள். அடுத்த அம்பை எடுத்து விட்டாள். அது நடுவில் இருக்கும் மஞ்சளில் போய்க் குத்தியது. அதற்கடுத்ததும் மஞ்சளில்தான். அதிகாரி அதைப் பார்க்கவில்லை. அவர் சுவரை அண்ணாந்து பார்த்து, அதற்கு அந்தப்புறம் யார் வீடு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜான் அண்ணன் முன்னால் போனார். மங்கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மராட்டியில், பிள்ளைகளுக்கு இந்த இடம் வேண்டும், பார்க்கிங் வேண்டாம், இங்கே வரும் பிள்ளைகள் கெட்டுப்போகவில்லை என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மெத்தையில் அம்பு குத்தினதையும் சொன்னார். சுவரை உயர்த்திக் கட்டிக்கொடுங்கள் என்றார். ஸ்ரீவித்யாவும் மற்றவர்களும் இருக்கட்டும், இருக்கட்டும் என்று சேர்ந்து சொன்னார்கள். கை தூக்கச் சொன்னபோது சந்தே கை தூக்கியது.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. ஜனங்கள் கேட்டதால் இடம் மைதானமாகவே இருக்கும். ஏர்கன் நடக்கலாம். சுவர் உயரும்வரை வில் அம்பு கூடாது. தாம்பே சார் வைக்கோல் பலகைகளைக் கொட்டகைக்குள் தூக்கி வைத்துப் பூட்டினார். சந்தில் பாதிப் பேர் ஜெயித்துவிட்டோம் என்று மங்கையிடம் வந்து கைகொடுத்தார்கள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவளுக்கு ஜான் அண்ணன் மேல் வருத்தமில்லை. ரீனா மேலும் இல்லை. “நான் எடுத்தேன், அம்மன் காட்டிட்டா” என்றாள் என்னிடம்.

ரீனா பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலைமுடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுத் திரும்பினாள். “அம்மன் இல்ல மம்மி, சந்தனம். தொடச்சுட்டுக் குடுத்திருக்கணும். அவ்ளோதான்” என்றாள்.

மகள் உட்கார்ந்த இடத்தை மங்கை பார்த்தாள், நானும் பார்த்தேன். அந்த இடத்தில் ரீனா உட்கார்ந்து வெகு நாளாகியிருந்தது. மறுநாள் ரீனா பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு மறுநாளும் தலைவலி என்றாள். கோகுல்நாத் ஷிஃப்டு மாற்றிக்கொண்டு வீட்டிலிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் சத்தமே இல்லை.

அதற்கு அடுத்த காலை ஜான் அண்ணன் வந்து வாசலில் நின்றார். சுவர் விஷயமாக வார்டு ஆபீஸுக்குப் போகப் போவதாகச் சொன்னார். சுவரைக் கேட்டவன் நான்தான், நான்தான் போய் முடிக்க வேண்டும் என்றார். தனக்குக் காது மந்தம், அங்கே வேகமாகப் பேசுவார்கள், கூட யாராவது வந்தால் நல்லது என்று பொதுவாகச் சொன்னார். மங்கை என்னைப் பார்த்தாள். பீரோவுக்குப் பக்கத்திலிருந்து ரீனா எழுந்து வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

மங்கையும் போனாள், வெளி கேட்டோடு நின்றுவிட்டாள். உள்ளே என்ன நடந்தது என்று ஜான் அண்ணன்தான் சொன்னார். குமாஸ்தா தீபாவளிக்குப் பிறகு வாருங்கள் என்றாராம். தீபாவளிக்குப் பிறகு என்றைக்கு என்று ரீனா மராட்டியில் கேட்டாளாம். எஞ்சினியர் பார்க்க வேண்டும் என்றாராம். எந்த எஞ்சினியர், எந்த மேஜை என்று கேட்டாளாம். அந்த மேஜைக்கும் போனார்கள், ஆள் இல்லை. இருக்கும்போது வருகிறோம் என்று அவளே சொல்லிவிட்டு வந்தாளாம். குரல் நடுங்கித்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை என்று சொல்லி அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது ரீனா பள்ளிக்கூடம் போகிறாள். எல்லா நாளும் அல்ல. சுவருக்குச் செங்கல் வரவில்லை. எஞ்சினியர் ஒரு முறை வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டால் மங்கை வருகிறாள், ஆனால் சன்னதிக்கு நேரே நிற்பதில்லை. தூண் ஓரமாக நின்று கையெடுத்துவிட்டு இறங்கிவிடுகிறாள். அம்மன் பெற்ற தாய், பிள்ளைக்காகச் செய்ததைத் தப்பென்று எடுத்துக்கொள்வாளா என்று நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். தலையை ஆட்டுகிறாள்.

விடியற்காலையில் மங்கை எழுந்து மாவை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அடுப்பு மூட்டாமல் அப்படியே நிற்பாளாம். பெண் எழுந்து பள்ளிக்கூடம் கிளம்ப வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். அது கேட்ட பிறகுதான் தீப்பெட்டியைத் தேடுகிறாள்.